வளைவில் ஓடுகிறவள்

விடியற்காலை நாலு நாற்பது. ராத்திரி என்றும் சொல்ல முடியாது, காலை என்றும் சொல்ல முடியாது. பால் வண்டிகூட வராத நேரம். பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் ஒரே நேர் ரோடு... ஒரு பக்கம் மூடிக் கிடக்கிற தொழிற்சாலையின் நீளச் சுவர். இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. வழியில் மூன்று விளக்குக் கம்பங்கள், எரிவது ஒன்று. அந்த ஒன்றுக்கும் எரியலாமா வேண்டாமா என்று சந்தேகம்.

அந்த ரோட்டில் ஒருத்தி தனியாக நடந்து போகிறாள். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். ராத்திரி முழுக்க சரியாகத் தூங்கவில்லை. மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. தினமும் அப்படித்தான்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். ஜன்னலோரம் இருப்பவர் உள்ளே தள்ளி உட்காருவதானால் உட்காரலாம், யாரும் கேலி செய்ய மாட்டோம். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என்னோடு வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியனின் சொந்த அக்காவுக்கு நடந்தது. அவன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். பாதியில் எழுந்து போய் வீட்டில் இருக்கிற எல்லா லைட்டையும் போட்டுவிட்டு வந்துதான் மீதியைச் சொன்னான். கரண்டோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன், சும்மா பயப்படுகிற ஆள் இல்லை.

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புறநகரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளுக்கு ‘பி.டி. மிஸ்’. நமக்கும் அதே போதும்.

பள்ளிக்கூடம் என்றால் சாதாரணப் பள்ளிக்கூடம். மழை பெய்தால் லேபில் வாளி வைக்க வேண்டும். பரீட்சை முடிவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஹெச்.எம். வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். ஆனால் அவர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் ஷீல்டுகள்... இருபத்தாறு. எல்லாம் ஒரே போட்டிக்கு. மாவட்ட அளவில் பெண்கள் நாலு பேர் ஓடுகிற ரிலே. ஒரு வருஷம்கூட விடாமல் இருபத்தாறு வருஷமாக இந்தப் பள்ளிதான் முதல். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேளுங்கள். ‘அந்த ரிலே ஸ்கூலா?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

அதற்கெல்லாம் காரணம் பழைய மாஸ்டர். போன வருஷம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மிஸ் அந்த இடத்துக்கு வந்தவள். வந்த முதல் நாளே ஹெச்.எம். அலமாரியைக் காட்டி, “இருபத்தேழாவதுக்கு இடம் விட்டு வெச்சிருக்கோம்மா” என்றார். வரவேற்பு அவ்வளவுதான்.

ரிலே ஓட்டத்தில் வேகத்தைவிட முக்கியம், கையில் பிடித்து ஓடுகிற குட்டைக் கோல், அதாவது பேட்டன், கை மாறுவது. வாங்குகிறவள் முன்னால் ஓடத் தொடங்கிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிறவள் ‘கை!’ என்று கத்துவாள். அந்த நொடியில் இவள் கையைப் பின்னால் நீட்ட, அதில் பேட்டன் வந்து விழ வேண்டும். திரும்பிப் பார்த்தால் அரை நொடி போச்சு. அரை நொடி போனால் ஷீல்டு போச்சு.

எல்லாப் பள்ளியிலும் இதையே சொல்லிக் கொடுப்பார்கள். பழைய மாஸ்டர் ஒரு படி மேலே போனார். விடியும் முன்னால், மைதானத்து லைட்டை அணைத்துவிட்டுப் பழக்கினார். கும்மிருட்டில் திரும்பிப் பார்த்துத்தான் என்ன பிரயோஜனம்? காலடிச் சத்தம்... பிறகு ‘கை’... அது மட்டும்தான் கணக்கு. அதோடு விடவில்லை. அவரே பூனை மாதிரி பின்னால் வந்து பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாராம். ‘ஐயோ’ என்று அலறுவாராம். ‘பாம்பு’ என்பாராம். எதற்குத் திரும்பினாலும் அணியை விட்டு வெளியே. ‘கை’ என்ற சொல்லைத் தவிர மற்ற எதுவும் அவர்கள் காதில் ஏறக் கூடாது.

மிஸ்ஸுக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. லைட்டைப் போட்டுத்தான் பழக்கினாள். ஐம்பத்து மூன்று நொடி வந்தது. மறுநாள் ஐம்பத்து மூன்றரை. பிள்ளைகள் கெஞ்சினார்கள். “ஒரு தடவை அணைச்சுப் பாருங்க மிஸ்.” அணைத்தாள்.

ஐம்பத்தொன்று.

ஸ்டாப்வாட்ச் மேல் சந்தேகம் வந்து, கடையில் கொடுத்துச் சரி பார்த்தாள். வாட்ச் சரியாகத்தான் இருந்தது.

ஓடுகிற நாலு பேரைப் பற்றிச் சொல்கிறேன். முதல் ஆள் வாத்து, இரண்டாவது கொக்கு. அவர்கள் நடையைப் பார்த்தால் பேர் வைத்தவனைக் குறை சொல்ல மாட்டீர்கள். மூன்றாவது ஆள், வளைவில் ஓடுகிறவள், வெடி. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். கடைசி ஆள் சுண்டு. சுண்டுவிரல் உயரம்தான் இருப்பாள். ஆனால் பேட்டன் கையில் விழுந்துவிட்டால் அவளைக் கண்ணால் துரத்துவதே கஷ்டம்.

சுண்டுவைக் கவனித்துக்கொள்ளுங்கள். அப்பா இல்லை. அம்மா தையல் கம்பெனியில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை, அதாவது காஜா எடுக்கிறாள். பத்தாவது முடித்ததும் மகளையும் அதே கம்பெனியில் சேர்த்துவிடுவதாக ஏற்பாடு. மேஸ்திரியிடம் பேசி, அவள் உட்காரப் போகிற ஸ்டூல்கூடப் பார்த்து வைத்தாகிவிட்டது. அதைத் தடுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. மாவட்டப் போட்டியில் முதலாவது வருகிற அணியின் கடைசி ஆளுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கொடுப்பார்கள். படிப்பு, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரண்டாவது வந்தால் கைதட்டல் மட்டும்.

அதனால்தான் மிஸ்ஸுக்குத் தூக்கம் வரவில்லை. ஷீல்டு ஹெச்.எம்.முக்கு. அவளுக்கு இந்தப் பிள்ளை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆரம்பித்தது.

மிஸ் முடிவுக் கோட்டில் நிற்கிறாள். இருட்டு. மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது, தரை காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. விசில் ஊதினாள். வாத்து கிளம்புகிற சத்தம்... தட் தட் தட். ‘கை’. கொக்குவின் கால்... அது தூரத்தில், எதிர்ப் பக்கம். ‘கை’. இப்போது வெடி. தொழிற்சாலைச் சுவரை ஒட்டின வளைவு.

அங்கேதான் சத்தம் மாறியது.

சளக்... சளக்... சளக்...

சேற்றில் வெறுங்காலோடு ஓடினால் வருமே, அந்தச் சத்தம். காய்ந்த தரையில். வெடியோ ஷூ போட்டிருக்கிறாள்.

அதோடு ஒரு வாசனை. புது மழை மண், ஈரச் சுண்ணாம்பு, வலிக்குத் தேய்க்கிற தைலம்... மூன்றும் கலந்து. காற்று கொஞ்சமும் இல்லை, ஆனாலும் அது வளைவிலிருந்து இவளிடம் வந்து சேர்ந்தது. சுண்டு கோட்டைத் தாண்டினாள். ஐம்பது புள்ளி எட்டு. மிஸ்ஸுக்குச் சந்தோஷப்படவே மறந்துவிட்டது.

அன்றைக்கு வெடி பேசவில்லை. வெடி பேசாமல் இருந்தாலே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள். “மிஸ்... வளைவுல என்கூட யாரோ ஓடுறாங்க. உள்பக்கமா. தோள் உரசுற மாதிரி.”

“எதிரொலிடி. சுவர் இருக்குல்ல.”

“எதிரொலிக்கு மூச்சு வாங்குமா மிஸ்?”

மிஸ் சுண்டுவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அவள் அதிகம் பேசாத பிள்ளை. செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு ‘கை’ன்னு ரெண்டு தடவை கேக்கும் மிஸ். ஒண்ணு வெடி குரல். இன்னொண்ணு வேற.”

“நீ எதுக்குக் கை நீட்டுவ?”

“முதல்ல வர்றதுக்கு.”

“எது முதல்ல வரும்?”

சுண்டு இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

ஸ்டாஃப் ரூமில் ஒரு கணக்கு மிஸ் உண்டு. நாற்பத்திரண்டு வயது. இதே பள்ளியில் படித்து இதே பள்ளிக்கு வாத்தியாராக வந்தவள். அவளிடம் ஒரு பழக்கம். எவ்வளவு வெயிலானாலும் மைதானத்தைக் குறுக்கே கடக்க மாட்டாள். சுற்றிக்கொண்டு பின் கேட் வழியாகத்தான் வருவாள். எல்லோரும் அதைக் கர்வம் என்று நினைத்திருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மதியம் அவளாகவே வந்து பி.டி. மிஸ் எதிரில் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

“இன்னும் லைட் போடாமத்தான் பழகுறீங்களா?”

“ஏன் கேக்கறீங்க?”

“வளைவுல சத்தம் கேக்குதா?”

பி.டி. மிஸ் கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். கணக்கு மிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். அழவில்லை, கணக்குப் போடுகிற மாதிரிதான் சொன்னாள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே ரிலே அணியில் கடைசி ஆள் கணக்கு மிஸ்தான். மூன்றாவது ஆள் இவளுடைய உயிர்த் தோழி. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே சைக்கிள். முந்தின நாள் நல்ல மழை. தரையைச் சமப்படுத்துகிற இரும்பு உருளையை யாரோ வளைவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மாஸ்டர் பார்க்கவில்லை. இருட்டு.

“நான் என் இடத்துல நிக்கறேன். அப்பல்லாம் மரத்துல செஞ்ச பேட்டன்தான், அவ கையில அது. அவ ஓடி வர்ற சத்தம் கேக்குது. சளக் சளக்னு. அப்புறம் டங்குனு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிட்டா. என் பேரைச் சொல்லி. மெதுவா.”

“நீங்க...”

“நான் திரும்பல.”

கணக்கு மிஸ் திறக்காத டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மாஸ்டர்தான் ஏமாத்துறார்னு நினைச்சேன். அவர் குரலை மாத்திக் கூப்பிடுவார், தெரியும்ல. இன்னொரு தடவை கூப்பிட்டா. இன்னொரு தடவை. மொத்தம் ஒம்பது தடவை. நான் கையை நீட்டிக்கிட்டே நின்னேன். ‘கை’ன்னு மட்டும் சொல்லியிருந்தா ஓடியிருப்பேன். அவ சொல்லல. மாஸ்டர் தூரத்துல வாட்சைப் பிடிச்சிட்டு, ஏன் இன்னும் வரலைன்னு நிக்கறார். வெளிச்சம் வந்தப்பதான் பாத்தோம், உருளையில தலை மோதி, உயிர் போய்க் கிடந்தா.”

“அப்புறம்?”

“ரெண்டு வாரத்துல போட்டி. வளைவுக்கு வேற ஆளைப் போட்டாங்க. போய் ஓடினோம். ஜெயிச்சோம். அலமாரியில முதல்ல இருக்குல்ல, அந்த ஷீல்டு அதுதான்.” டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “அதுக்கப்புறம் நம்ம ஸ்கூல் தோத்ததே இல்ல. லைட்டைப் போட்டுடுங்க மிஸ். கையெடுத்துக் கும்பிடறேன், போட்டுடுங்க.”

போட்டாள். அன்று முதல் இரண்டு வாரமும் லைட் வெளிச்சத்தில்தான் பழக்கம். சத்தம் இல்லை, வாசனை இல்லை. வெடிக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் வாட்ச்... ஐம்பத்து மூன்று. ஐம்பத்து மூன்றரை. இரண்டு முறை பேட்டன் கீழே விழுந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஐம்பத்திரண்டு ஓடுகிறார்கள் என்று செய்தி வந்தது. ஹெச்.எம். வழியில் பார்த்தபோதெல்லாம் தொண்டையைச் செருமினார்.

போட்டிக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் சுண்டுவின் அம்மா வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், சேலையெல்லாம் நூல் பிசிறு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“மிஸ், கம்பெனியில பேர் கொடுக்க நாளைக்குக் கடைசின்னு சொல்றாங்க. இந்த இடத்தை விட்டா அப்புறம் கிடைக்காது. புள்ள வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது, ராத்திரி பூரா முழிச்சிட்டே படுத்திருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜெயிப்பாளா?”

மிஸ்ஸுக்கு உண்மை தெரியும். ஐம்பத்து மூன்று.

“ஜெயிப்பா. பேர் கொடுக்காதீங்க,” என்றாள்.

இந்த மாதிரி வாக்கு நாமும் கொடுத்திருப்போம். அன்று ராத்திரி அவள் படுக்கவே இல்லை. வீட்டுக்குள் நடந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி நடந்தாள். எலக்ட்ரீஷியன் தம்பி எழுந்து வந்து, “என்னக்கா, உனக்கா போட்டி?” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்று பிள்ளைகளுக்கு ஓய்வு. யாரும் வரப் போவதில்லை. கேட்டைத் திறந்தாள். அவள் சொல்லி வைத்தபடி மைதானத்து லைட் ராத்திரியெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. போய் அணைத்தாள்... அவளே. பிறகு இருட்டில் தடவித் தடவி, வளைவு முடிகிற இடத்துக்கு வந்தாள். கடைசி ஆள் நிற்கிற இடம். வளைவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒரு லாரி போனது.

மறுபடி ஒன்றும் இல்லை.

தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது... சளக்.

ஒரே ஒரு அடி.

சளக்... சளக்... சளக்...

வேகம் பிடித்து வருகிறது. வாசனை மூக்கில் ஏறுகிறது. ஆனாலும் அவள் ஓடவில்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் அழுகிறாளாம்.

“நாளைக்கு ஒரு நாள் வாம்மா. அந்தப் பிள்ளைக்காக. ஒரே ஒரு நாள்.”

சத்தம் நின்றது. ஒரு கை தூரத்தில். பின்கழுத்தில் ஜில்லென்று மூச்சு. யாரோ ரொம்ப தூரம் ஓடி வந்து நின்றால் வாங்குகிற மூச்சு. அது சீராகிற வரைக்கும் காத்திருந்த மாதிரி இருந்தது. அப்புறம், காதோடு காதாக, ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

“கை.”

மிஸ்ஸின் இடது கை அவளைக் கேட்காமலே பின்னால் நீண்டது. உள்ளங்கையில் எதுவும் விழவில்லை. ஐந்து விரல்கள்... ஈரமாக, மெல்லிசாக... அவள் கையைப் பிடித்து, ஒரு தடவை அழுத்தி, விட்டன. சரி என்று சொல்கிற மாதிரி.

அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் போட்டி. நகரத்துப் பெரிய ஸ்டேடியம். காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மதியம் இரண்டு மணிக்கு, ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்திலிருந்து மழை கொட்டியது. ஒன்றரை மணி நேரம். எல்லாம் தள்ளிப் போனது. ரிலே எப்போதும் கடைசி. அதைத் தொடங்கும்போது பொழுது சாய்ந்து, எதிர்ப் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். ஷீல்டு கொடுக்க வந்த பெரிய மனிதருக்கு நாளைக்கு வேறு வேலை இருந்தது.

துப்பாக்கி வெடித்தது. வாத்து கிளம்பினாள், சுமார். கொக்கு வாங்கினாள், மூன்றாவது இடம். மிஸ் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெடி வாங்கி வளைவுக்குள் போனாள். அரை இருட்டு, ஈரம், எட்டுப் பிள்ளைகள் ஒரு கும்பலாக. அதில் ஒருத்தி தொப்பென்று விழுவது தெரிந்தது. கூட்டம் ‘அய்யோ’ என்றது.

நம் பள்ளி பனியன்.

மிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டூல் ஞாபகம் வந்தது, நூல் பிசிறு ஞாபகம் வந்தது. அப்போது கூட்டத்தின் சத்தம் மாறியது. கண்ணைத் திறந்தால்... நேர்ப் பாதையில் சுண்டு வருகிறாள். இடது கையில் பேட்டன். எல்லோருக்கும் முன்னால். அவள் ஓடுகிற மாதிரியே இல்லை, பின்னால் யாரோ விரட்டுகிற மாதிரி வருகிறாள்.

ஐம்பது புள்ளி மூன்று. மாவட்டத்தில் அதுவரை இல்லாத நேரம். வாத்தும் கொக்கும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஹெச்.எம். யார் யாருக்கோ கை கொடுத்தார். வளைவில் நின்ற நடுவர் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மிஸ்ஸிடமே வந்தார். “உங்க மூணாவது பொண்ணு பெரிய தைரியசாலிங்க. விழுந்த வேகத்துல எந்திரிச்சு ஓடுச்சு பாருங்க... அப்படி ஒரு ஓட்டம் நான் பாத்ததே இல்ல.”

மூன்றாவது பெண் எங்கே?

மிஸ் வளைவை நோக்கி ஓடினாள். உள்பக்கப் புல்லில் வெடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்காலும் தோல் வழன்று ரத்தம். தேம்பித் தேம்பி அழுகிறாள்.

“மன்னிச்சிடுங்க மிஸ். தோத்துட்டோம். என்னாலதான் மிஸ்.”

“ஜெயிச்சாச்சுடி! நீதான் எந்திரிச்சு ஓடினியே...”

வெடி முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். “நான் எந்திரிக்கவே இல்ல மிஸ்.”

மடியில் அவள் இறுக்கிப் பிடித்திருந்தது பேட்டன். பள்ளியின் பேட்டன், அலுமினியம், மிஸ்ஸே ஆணியால் கீறிக் குறி போட்டது.

மிஸ் திரும்பி முடிவுக் கோட்டைப் பார்த்தாள். அங்கே ஓர் ஆள் வாளியோடு வந்து எல்லா அணியின் பேட்டனையும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். சுண்டுவும் தன் கையில் இருந்ததைப் போட்டாள். மரக்கட்டை விழுகிற சத்தம்... கடக்.

இப்போது மிஸ் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். அவள் அலுமினிய பேட்டனை வெடியின் கையிலிருந்து பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். “நீ விழுந்த அதிர்ச்சியில மறந்துட்ட. எந்திரிச்சுதான் ஓடின. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லணும்,” என்றாள். வெடி அழுகையை நிறுத்தி அவளையே பார்த்தாள். அதற்கப்புறம் அந்தப் பெண் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை.

சுண்டுவிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “உனக்குக் கொடுத்தது யாருடி?”

“நான் திரும்பிப் பாக்கல மிஸ்.”

இடம் கிடைத்தது. பரீட்சை முடிந்து, விடுமுறை முடிந்து, சுண்டு ஒரு தகரப் பெட்டியோடு விடுதிக்குப் போனாள். அம்மா பஸ் நிறுத்தத்தில் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மிஸ் மைதானத்துக்கு இரண்டு பெரிய விளக்கு போடவைத்தாள். தம்பிதான் வந்து மாட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு வளைவில் எந்தச் சத்தமும் இல்லை. மாதக்கணக்கில் கெட்டுப்போயிருந்த தூக்கம் அவளுக்குத் திரும்பி வந்தது. விட்டுப் போய்விட்டது என்று நம்பினாள்.

ஒருநாள் விடியற்காலை போன் அடித்தது. விடுதிக் கோச். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிக்கிறவர்.

“இந்த நேரத்துல எழுப்பிட்டேன், மன்னிக்கணும் மிஸ். கட்டில் கணக்கு இன்னிக்கே ஆபீசுக்குக் கொடுக்கணும், அதான். உங்க பொண்ணு பிரமாதம். அவளைப் பத்திப் பேச்சே இல்ல. கூட வந்த இன்னொரு பொண்ணுக்குத்தான் ஒரு பேப்பரும் இல்ல. எப்ப அனுப்புவீங்க?”

“எந்தப் பொண்ணு சார்?”

“அதாங்க, சுண்டுகூட பஸ்ல வந்து இறங்குச்சே. உங்க ஸ்கூல் பனியன்தான். பழைய மாடல். ஷூ வாங்கிக் கொடுத்தாலும் போட மாட்டேங்குது, வெறுங்கால்தான். ஆனா வளைவுல ஓடுறதைப் பாக்கணுமே...”

“சார், சுண்டு எங்கே? சுண்டுகிட்ட போனைக் கொடுங்க.”

“ரெண்டும் கிரவுண்டுலதான் நிக்குதுங்க. நாலரைக்கே வந்துடுச்சுங்க. இருங்க, அந்தப் பொண்ணு என்னமோ கை காட்டுது.” போனை மேஜைமேல் வைக்கிற சத்தம். தள்ளிப் போய் யாரிடமோ, ‘என்னம்மா? லைட்டை அணைக்கணுமா? முழுசாவா?’ என்று கேட்கிற சத்தம்.

மிஸ் கத்தினாள். தம்பி, அவன் பெண்டாட்டி, மாடி வீட்டுக்காரர் எல்லோரும் எழுந்து ஓடி வருகிற அளவுக்குக் கத்தினாள். “அணைக்காதீங்க சார்! சார்! அணைக்காதீங்க!”

மேஜைமேல் கிடக்கிற போனில் யார் கத்தினாலும் கேட்காது. அந்தப் பக்கத்திலிருந்து ஸ்விட்ச் டக்கென்று விழுகிற சத்தம் மட்டும் வந்தது.